இன்ஜின் போச்சு என்றால், பில் எங்கே என்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கார்களுக்கான எக்ஸ்டென்டட் வாரன்டி பற்றி எழுதியிருந்தீர்கள். எடுக்கலாமா, எத்தனை ஆண்டுக்கு எடுக்கலாம் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. எடுத்த பிறகு இன்ஜின் கெட்டுப்போய் கிளைம் கேட்டால் என்ன நடக்கும் என்பது மட்டும் விடுபட்டுவிட்டது. ஏழு மாதமாக அதில் அல்லாடிக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கார் வாங்கி நான்கு ஆண்டு ஆகிறது. கம்பெனி தந்த வாரன்டி 3 ஆண்டு. அதற்கு மேல் 2 ஆண்டுக்கு, வாங்கும்போதே தனியாகப் பணம் கட்டினோம். 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது ஒருநாள் காலை, கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் இன்ஜின் அடியில் சுத்தியலால் தட்டுவதுபோல் டொக் டொக் என்று சத்தம் வந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தட்டலும் வேகமெடுத்தது. ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்ததும் ஓரம் கட்டி அணைத்துவிட்டேன். அதன் பிறகு இன்ஜின் சுற்றவே இல்லை.

வொர்க்‌ஷாப்பில் முதலில் ஒரு தாளை நீட்டினார்கள். இன்ஜினைப் பிரித்தால்தான் காரணம் தெரியும். வாரன்டியில் வராத கோளாறாக இருந்தால் பிரித்த கூலியும் திரும்பப் பூட்டும் கூலியும் நான்தான் தர வேண்டும். கையெழுத்துப் போடாவிட்டால் கிளைமே பதிவாகாது. காரணம் தெரிவதற்கு முன்பே அந்தச் செலவு முழுவதையும் வண்டிக்காரர் தலையில் கட்டிவிடுகிறார்கள். மறுப்பு வந்த பிறகு பலர் சண்டை போடாமல் போய்விடுவதற்கு இதுதான் காரணம். இன்ஜின் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கும்போது, ஏதோ ஒரு வழியில் வண்டி திரும்பக் கிடைத்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பிரித்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். மெக்கானிக் மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டனை, இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கன்ராடைக் கழற்றி, அதிலிருந்த பேரிங்கின் இரண்டு பாதிகளையும் என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளியாக மின்ன வேண்டிய உள்பக்கம் உரிந்து, செம்பு நிறம் தெரிந்தது. ஓரம் வெற்றிலைபோல் மெலிந்து பிதுங்கியிருந்தது. ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்தபோது மடிப்புக்கு மடிப்பு உலோகப் பொடி மினுமினுத்தது. "மத்த மூணு பேரிங்கையும் பாருங்க சார், ஒரு கோடுகூட இல்ல" என்றார். மேல் மூடியைத் திறந்தால் உள்ளே தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டி என்றால் அங்கே தார்போலக் கருப்பாகப் படிந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை.

வாரன்டி நிறுவனம் அனுப்பிய ஆள் வந்தார். செல்போனில் சில படங்கள் எடுத்தார். சர்வீஸ் பில்களைக் கேட்டார். 10, 20, 30, 50 ஆயிரம் கிலோமீட்டர் பில்கள் இருந்தன. 40 ஆயிரத்தில் வெளியூர் போயிருந்தபோது வேறொரு மெக்கானிக்கிடம் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினேன். அந்தத் துண்டுச் சீட்டு தொலைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் அந்த நிறுவன ஆள் கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது: "பராமரிப்புக் குறைபாட்டால் ஏற்பட்ட சேதம். கிளைம் நிராகரிக்கப்படுகிறது." பேரிங் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆயிலையே தொடாமல் வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு, புது இன்ஜின் கொடு என்று வந்து நிற்பவர்கள் உண்டு. ஆனால் ஆயில் பராமரிப்பு சரியில்லை என்றால் அந்த இன்ஜினே சாட்சி சொல்லும். கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் அழுத்தத்தில் ஓடும் ஆயில் படலம்தான் தாங்குகிறது. சுமை ஏறும் இடத்தில் அதன் கனம் சில மைக்ரான்தான்; நம் தலைமுடியின் பருமனே ஏறக்குறைய 70 மைக்ரான். 3,000 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. அந்தப் படலம் அறுந்தால் பேரிங் அதிக நேரம் தாங்காது. ஆயிலே கெட்டிருந்தால் நான்கு பேரிங்கிலும் கொஞ்சமாவது அடையாளம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போயிருந்தால், அந்த ஒன்றுக்குப் போகும் ஆயில் துளையைப் பார்க்க வேண்டாமா? யாரும் பார்க்கவில்லை. 40 ஆயிரம் பில்லைத்தான் பார்த்தார்கள்.

தொழிற்சாலையில் தவறே நடக்காது என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. 2015 செப்டம்பரில் ஹூண்டாய் நிறுவனம் அமெரிக்காவில் 2011, 2012 மாடல் சொனாட்டா கார்கள் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரத்தைத் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் முழுதாக அகற்றப்படாமல், ஆயில் போகும் வழியை அடைத்து கன்ராடு பேரிங்கைக் கெடுக்கக்கூடும் என்பது காரணம். 2017-இல் இன்னும் பல லட்சம் கார்கள் சேர்ந்தன. தாமதமாகத் திரும்ப அழைத்தது தொடர்பாக 2020-இல் ஹூண்டாய், கியா இரண்டும் சேர்ந்து 21 கோடி டாலர் அளவுக்கு அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்புடன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கார்களில் ஒன்று ஜாம் ஆகி நின்றபோது அதன் சொந்தக்காரரிடம் ஒரு ஆயில் பில் குறைந்திருந்தால், குற்றம் அவருடையது ஆகிவிடுமா?

வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்த கேஸ்களிலும் இப்படித்தான். பெல்ட் தேய்மானப் பொருள், வாரன்டியில் வராது. சரி. அது அறுந்ததால் வளைந்த வால்வும் உடைந்த பிஸ்டனும் வாரன்டிப் பட்டியலில் இருக்கின்றனவே என்று கேட்டால், "விலக்கப்பட்ட பாகத்தால் வந்த விளைவு" என்கிறார்கள். விற்கும்போது "இன்ஜின் முழுக்க கவர் சார்" என்றவர்கள் இதைச் சொல்வதில்லை.

விலக்கைக் காட்டி மறுப்பவர்தான் அந்த விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டும் என்பது காப்பீட்டு வழக்குகளில் வேரூன்றிய கொள்கை. ஒப்பந்த வாசகம் இரண்டு விதமாகப் படிக்கும்படி இருந்தால் எழுதியவருக்கு எதிராகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்பதும் அப்படியே. வாரன்டி விற்பவர்களுக்கு மட்டும் இது ஏன் தலைகீழாகிறது? எந்த நிபந்தனை எண்ணின்படி மறுத்தீர்கள், உங்கள் ஆள் எழுதிய அறிக்கை எங்கே, அவர் எடுத்த படங்கள் எங்கே என்று மூன்று கடிதம் எழுதினேன். மூன்றாவதற்குத்தான் நிபந்தனை எண் மட்டும் வந்தது. அறிக்கை இன்னும் வரவில்லை.

இதே நிலையில் மாட்டியிருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கழற்றிய பாகங்களை வொர்க்‌ஷாப்பில் விட்டுவிடாதீர்கள். பழைய இரும்போடு போய்விடும். ஃபில்டரையும், இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் இருந்த ஆயிலில் ஒரு சுத்தமான பாட்டில் அளவும் எடுத்து வையுங்கள். செம்பு, ஈயம் எவ்வளவு, வெளித்தூசியின் சிலிக்கான் எவ்வளவு என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுவார்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவில் பதிவான கோளாறு எண்களை, யாரும் அழிப்பதற்கு முன் அச்செடுத்து வாங்குங்கள். ஆயில் அழுத்தம் மிகக் குறைந்ததற்கு பி0524, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானதற்கு பி0217. சூடாகியும் ஓட்டினீர்கள் என்று பின்னால் சொன்னால், எவ்வளவு சூடு, அப்போது என்ன வேகம் என்பது பெரும்பாலும் அந்தப் பதிவிலேயே இருக்கும்.

நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. பராமரிப்பைக் காரணம் காட்டி மறுத்தால், அந்தக் குறைபாடு இந்தப் பாகத்தை எப்படிக் கெடுத்தது என்று தகுதியுள்ள ஒருவர் கையெழுத்திட்டு எழுதித் தர வேண்டும். அப்படித் தர முடியாவிட்டால் பிரித்த கூலியை அவர்களே ஏற்க வேண்டும். உங்கள் இதழ் இதைத் தொடர்ந்து கேட்டால் என்னைப் போன்ற பலருக்குத் துணையாக இருக்கும்.

நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் என் மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. தனியாக ஒரு பொறியாளரிடம் அறிக்கை வாங்கியிருக்கிறேன். அந்த மூன்றாவது பேரிங்கும் நல்ல நிலையில் உள்ள மற்ற மூன்றும் எண் எழுதிய உறைகளில் இருக்கின்றன. நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்துக் காட்டப்போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்