யான் ஹோஃப்மனின் முழங்காலும் உங்கள் வயது வரம்பும்

சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2022 ஜூனில் புக்கெட்டில் கூடிய உங்கள் மாநாடு, சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17 ஆக்கியது. ஆதரவாக 100 வாக்குகள், எதிராக 16. ஃபிகர் ஸ்கேட்டிங்கை நேசிக்கிற எல்லோரும் அன்றைக்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டோம், நன்றி. ஆனால் வேலை பாதியில் நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். எனக்குத் தெரிந்தவரை இதற்குச் சரியான சாட்சி, ஜெர்மன் வீரர் யான் ஹோஃப்மன்தான்.

டிரெஸ்டனில் 1955 அக்டோபரில் பிறந்தவர். 1968 பிப்ரவரியில் கிரெனோபிள் ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனிக்காகப் பனிக்களத்தில் இறங்கியபோது அவருக்கு வயது 12. ஏழாம் வகுப்புப் படிக்கிற வயது! 26-ஆவது இடம் கிடைத்தது. 1972 சப்போரோவில் ஆறாவது, 1976 இன்ஸ்ப்ரூக்கில் நான்காவது, 1980 லேக் பிளாசிடில் வெள்ளி. நான்கு ஒலிம்பிக், ஒவ்வொன்றிலும் முன்னதைவிட மேலே.

இடையில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 1974-இல் மியூனிக்கில் 18 வயதில் உலக சாம்பியன். அங்கே டிரிபிள் லட்ஸ் போட்டார், அதாவது காற்றில் மூன்று சுற்றுச் சுற்றும் ஒரு தாவல். 1962-இல் கனடாவின் டொனால்ட் ஜாக்சன் செய்து காட்டிய அந்தத் தாவலை, 12 வருடம் கழித்து இவர்தான் உலகப் போட்டியில் மறுபடி செய்தார். வளைந்து பின்னோக்கிப் போய்க்கொண்டே, அந்த வளைவுக்கு எதிர்த் திசையில் உடலைத் திருப்பி எழும்புகிற தாவல் அது. இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒற்றைக் காலில் விழும். கால் என்றால் கணுக்கால், முழங்கால், இடுப்பு எல்லாமும்தான். அடுத்த வருடம் 1975-இல், நடப்பு சாம்பியன் களத்திலேயே இல்லை. முழங்காலில் அறுவை சிகிச்சை. அப்போது அவருக்கு 19.

திரும்பி வந்தார். 1976-இலிருந்து 1980 வரை ஒரு வருடம்கூடத் தவறாமல் உலகப் போட்டியில் பதக்கம் வாங்கினார். 1977, 78, 79 மூன்று வருடமும் ஐரோப்பியப் பட்டம். லேக் பிளாசிடில் கிழக்கு ஜெர்மனியின் கொடியை ஏந்தியவரும் அவர்தான். அன்றைக்குப் போட்டியில் கட்டாய வட்டங்கள் உண்டு. எட்டு போலப் பனியில் கோடு போட்டு, அதே கோட்டின் மேல் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். நடுவர்கள் குனிந்து, கோடு எங்கே விலகியது என்று பனியையே உற்றுப் பார்ப்பார்கள். அந்தப் பகுதி முடிந்தபோது ஹோஃப்மன்தான் முதலிடம். கடைசியில் மொத்தப் புள்ளியிலும் அவருக்கே 189.72, பிரிட்டனின் ராபின் கசின்ஸுக்கு 189.48. ஆனால் ஒவ்வொரு நடுவரும் யாரை எத்தனையாவதாக வைத்தார் என்பதைத்தான் அன்றைய விதி கணக்கில் எடுத்தது. தங்கம் கசின்ஸுக்குப் போனது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. சில வாரங்களில் டோர்ட்முண்டில் கசின்ஸை வென்று இரண்டாவது முறை உலக சாம்பியனாகி விடைபெற்றார்.

அப்புறம் அவர் தேர்ந்தெடுத்த தொழில், எலும்பு மூட்டு மருத்துவம்.

பன்னிரண்டு வயதில் வந்ததால்தானே அவர் இவ்வளவு வளர்ந்தார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1968-இல் உலகின் தலைசிறந்த ஆண்களுக்கே மூன்று சுற்றுத் தாவல் பெரிய விஷயம். 2018-இல் சோஃபியாவில் நடந்த உங்கள் ஜூனியர் உலகப் போட்டியில் 13 வயது ரஷ்ய வீராங்கனை அலெக்சாந்திரா துருசோவா இரண்டு நான்கு சுற்றுத் தாவல்களைச் செய்தார். நானும் அந்த வீடியோவைப் பார்த்து வாய் பிளந்தவன்தான். அந்தச் சிறுமியின் திறமையில் குறையே இல்லை. விதிதான் அவரை அங்கே இழுத்தது.

நீங்கள் மூடியது சீனியர் கதவை. 13 வயதுக்குத் திறக்கிற ஜூனியர் கதவுக்குப் பின்னால் எதுவும் மாறவில்லை. டோ லூப் என்ற தாவலை மூன்று சுற்றில் (டிரிபிள்) செய்தால் 4.2 புள்ளி, நான்கு சுற்றில் (குவாட்) செய்தால் 9.5. இந்த அட்டவணை பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றேதான். ஒரு சுற்று கூடினால் மதிப்பு இரட்டிப்பாகும்போது, எந்தப் பயிற்சியாளர் பொறுமையாக இருப்பார்? எந்தப் பிள்ளை வலிக்கிறது என்று வாய் திறக்கும்?

ஜூனியர் போட்டிகளுக்குத் தனிப் புள்ளி அட்டவணை போடுங்கள். நான்கு சுற்றுக்கான கூடுதல் மதிப்பைக் குறைத்து, ஸ்கேட் கத்தி விளிம்பின் தெளிவுக்கும் ஸ்கேட்டிங் திறனுக்கும் அதைக் கொடுங்கள். அட்டவணையை எழுத உட்காரும்போது எலும்பு மூட்டு மருத்துவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். விதி எழுதுகிற மேசையில் ஹோஃப்மனைப் போல வலியையும் மருத்துவத்தையும் சேர்த்து அறிந்தவர்கள் இருக்க வேண்டும். உங்கள் அடுத்த மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு ரசிகன்