கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கேரள எல்லையில் இருக்கிற நம் கொழிஞ்சாம்பாறையில் கடை பிடித்து "ஷேர், மியூச்சுவல் ஃபண்டு, இன்ஷூரன்ஸ்" என்று போர்டு மாட்டப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறு.

மியூச்சுவல் ஃபண்டு விற்க, பங்குச் சந்தைப் படிப்புக்கான என்.ஐ.எஸ்.எம். நிறுவனம் வைக்கும் தேர்வை எழுத வேண்டும். 100 கேள்விக்கு 50 மார்க் போதும். நான் கோயம்புத்தூர் போய் எழுதினேன். அப்புறம் ஃபண்டு கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபியில் பதிந்து, ஏ.ஆர்.என். என்கிற விற்பனையாளர் எண் வாங்க வேண்டும். ஷேர் என்றால் ஏதாவது ஒரு புரோக்கர் கம்பெனிக்குக் கீழே 'ஆதரைஸ்டு பர்சன்' ஆகச் சேரலாம். ஊரில் இன்னும் சப்-புரோக்கர் என்கிறார்கள். அந்தப் பதிவை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி எப்போதோ எடுத்துவிட்டது.

இதெல்லாம் சுலபம். வருமானம்தான் சுலபமில்லை. கணக்குப் போட்டுப் பார். பத்துப் பேர் மாதம் 2,000 வீதம் எஸ்.ஐ.பி. போடுகிறார்கள், அதாவது மாதாமாதம் ஃபண்டில் பணம் கட்டுகிறார்கள். சேர்ந்திருக்கிற பணத்துக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் கமிஷன் என்று தாராளமாகவே வைத்தாலும், பணம் மெல்ல மெல்லத்தான் சேரும் என்பதால், முதல் வருஷம் முழுக்கச் சேர்த்து உன் கைக்கு வருவது சுமார் 1,300 ரூபாய். கடை வாடகையை நீயே சொல். அதனால் பொள்ளாச்சி வேலையை விடாதே.

இன்னொன்று, பணத்தைக் கையில் வாங்காதே. இங்கே எல்லாருக்கும் குறி, அதாவது சீட்டு, கட்டிப் பழக்கம். நோட்டை நீட்டி "நீயே கட்டிடு" என்பார்கள். ஆரம்பத்தில் தோப்புக்காரர் ஒருவரிடம் தேங்காய்ப் பணம் 40,000 வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த நாளே ஓண லீவு. மூன்றாம் நாள் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் "என் காசு எங்கே?" என்றார். லீவு என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டார், கேட்கத்தானே செய்வார்! பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அவருடைய வங்கிக் கணக்கிலிருந்தே நேராகப் போகும்படி செய்தேன். அந்தப் பேச்சு அடங்க மட்டும் ஒரு வருஷம் ஆனது.

உண்மையான வேலை பெயரில்தான் இருக்கிறது. நம் ஆட்களுக்கு ஆதாரில் ஒரு பெயர், பான் கார்டில் ஒரு பெயர். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. தமிழ்ப் பெயரை மலையாளத்தில் எழுதி, அதிலிருந்து இங்கிலீஷுக்குப் போகும்போது எழுத்து மாறிவிடும். ஆள் யாரென்று சரிபார்க்கும் கே.ஒய்.சி. அங்கேயே நின்றுவிடும். கேரள அரசின் சேவை மையமான அக்ஷயா சென்டருக்கு ஆளைக் கூட்டிப்போய், வரிசையில் நின்று திருத்திக் கொடுத்தேன். அதற்குக் கமிஷன் கிடையாது. என்னிடம் இன்றைக்கு இருக்கிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் கிடைத்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வா. வரும்போது உன் ஆதாரையும் பான் கார்டையும் எடுத்து வா, முதலில் உன் பெயர் சரியாக இருக்கிறதா பார்ப்போம்.

அன்புடன்,
மாமா