டிரெய்லர் ஏ.சி.க்கு எந்த ஜெனரேட்டர்? மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

ஜூலையில் டென்வரிலிருந்து யூட்டா மாநிலத்து மோவாப்புக்கு முகாம் போவதற்குள், வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் உங்கள் டிரெய்லர் வீட்டின் ஏ.சி.யை ஓட்ட ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய விளம்பரங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் இருப்பது உச்ச வாட். அது சில நொடிகள் மட்டும் தாங்கும் அளவு. மணிக்கணக்கில் தரக்கூடியது பொடி எழுத்தில் கீழே இருக்கும். ஹோண்டா இ.யு.2200ஐ-யை எடுத்துக்கொள். பெயரில் 2,200, தொடர்ந்து தருவது 1,800 வாட். 120 வோல்ட்டில் 15 ஆம்பியர். கணக்குப் போட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை வைத்துத்தான்.

உங்கள் டிரெய்லரின் கூரையில் இருப்பது 13,500 பி.டி.யு. ஏ.சி. நம் ஊர்க் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்று மேல். ஆனால் வீட்டு இன்வெர்ட்டர் ஏ.சி. மாதிரி மெல்ல வேகம் பிடிக்கிற ரகம் இல்லை. கம்ப்ரசர் நின்ற நிலையிலிருந்து ஒரேயடியாக முழு வேகத்துக்குப் போகும். ஓடும்போது வெயிலுக்குத் தக்கபடி 1,300 முதல் 1,700 வாட் வரை இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு. போர் மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கெல்லாம் ஒரு கணம் மங்குமே, அதே சங்கதி. அரை நொடிகூட நீடிக்காது. சின்ன ஜெனரேட்டர் அந்த நேரத்தில்தான் ஓவர்லோடு விளக்கை எரியவிட்டு மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். ஏ.சி.யின் மேல்மூடியைக் கழற்றினால் ஒரு லேபிள் இருக்கும். அதில் ஆர்.எல்.ஏ. என்பது ஓடும் ஆம்பியர், எல்.ஆர்.ஏ. என்பது கிளம்பும் ஆம்பியர். நீயோ மாப்பிள்ளையோ ஏணி வைத்து ஏறி அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். பின்னது 50, 60 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும்.

அந்த முதல் இழுப்பைக் குறைக்க ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டுவிடு. மைக்ரோ-ஏர் ஈஸிஸ்டார்ட் போன்றவை கிளம்பும் ஆம்பியரைப் பாதிக்குமேல் குறைக்கும். கையடக்கப் பெட்டி, நாலைந்து ஒயர், ஏ.சி. மூடிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். வேலைக்கு முன் டிரெய்லரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தையும் இறக்க வேண்டும். இணைப்பைப் பிடுங்கினாலும் அது உள்ளே நிற்கும். மாட்டியபின் முதல் சில தடவை கம்ப்ரசரின் போக்கை அது கற்றுக்கொள்ளும். அந்த ஓட்டங்களை வீட்டு மின்சாரத்தில் முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால் 2,200 போதும் என்று பலர் சொல்வார்கள். கடலோர ஊர் என்றால் நானும் சரி என்பேன். உங்களுக்குப் போதாது. கிளம்பும் சிக்கலைத்தான் அது தீர்க்கும், ஓடும் வாட்டைக் குறைக்காது. பெட்ரோல் இன்ஜினோ, உயரம் 1,000 அடி கூடக்கூட ஏறத்தாழ 3.5 சதவீதம் திறனை இழக்கும், காற்று மெலிவதால். மோவாப் சுமார் 4,000 அடி. 14 சதவீதம் போயிற்று, 1,800 என்பது 1,550 ஆனது. ஜூலையில் அங்கே 38 டிகிரி சகஜம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு ஐந்தரை டிகிரிக்கும் இன்னொரு சதவீதம் கழித்தால் மிச்சம் 1,500 வாட். அதே வெயிலில் ஏ.சி. 1,600 கேட்கும். கிளம்பிவிடும், பத்து இருபது நிமிடம் ஓடும், பிறகு விழுந்துவிடும். கோளாறு எங்கே என்று தெரியாமல் ஏ.சி. மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே தொடர்ந்து 3,000 வாட் தரும், கடையில் 3,500 என்று எழுதி விற்கும் இன்வெர்ட்டர் வகையைப் பார். சுமைக்குத் தக்கபடி இன்ஜின் வேகம் மாறும், சத்தம் குறைந்த ரகம் அது. பெட்ரோல், புரோப்பேன் கேஸ் இரண்டிலும் ஓடுவதாக இருந்தால் நல்லது. புரோப்பேனில் திறன் பத்து சதவீதம் குறையும். உயரத்தையும் வெயிலையும் கழித்தாலும் 2,200 வாட்டுக்கு மேல் நிற்கும், தாராளம். புரோப்பேன் நாள்பட வைத்திருந்தாலும் கெடாது, கார்பரேட்டரில் பிசினும் பிடிக்காது. சின்ன சிலிண்டரில் தொடர்ந்து ஓட்டினால் மட்டும் சிலிண்டர் குளிர்ந்து, வாயு வரத்துக் குறையும். 20 பவுண்டுக்குக் குறையாததை வை. இந்த ஜெனரேட்டரின் எடை 45 கிலோ வாக்கில் வரும், இருவர் பிடித்துத்தான் இறக்க வேண்டும். அது முடியாதென்றால் 21 கிலோவில் இரண்டு 2,200 வாங்கி பேரலல் கேபிளால் இணைக்கலாம். செலவு கூடும், ஆயில் மாற்றுவதும் இரட்டை வேலை. குறைந்த விலை என்று, குழாய் சட்டத்துக்குள் திறந்தபடி இருக்கும் கட்டுமான வேலை ஜெனரேட்டரை மட்டும் வாங்காதே. அந்தச் சத்தத்தில் பக்கத்து முகாம்காரர் யாரும் தூங்க முடியாது.

சத்தக் கணக்கிலும் ஒரு சூது உண்டு. விளம்பரத்தில் போடும் டெசிபல் பெரும்பாலும் கால் சுமையில், 7 மீட்டர் தள்ளி அளந்தது. ஏ.சி. ஓடும்போது அதைவிடக் கூடும். தேசியப் பூங்காக்களில் 50 அடியில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஜெனரேட்டர் நேரமும் முகாமுக்கு முகாம் வேறுபடும். நடுப்பகலில் அனுமதி இல்லாத முகாமில் ஏ.சி.க்கு என்று ஜெனரேட்டர் கொண்டுபோவதில் பயனில்லை, மின் இணைப்புள்ள இடத்தை முன்பதிவு செய்துவிடு.

இணைப்பு விஷயம். உங்கள் டிரெய்லர் பிளக் டி.டி.-30, 30 ஆம்பியர், 120 வோல்ட். பார்க்க 240 வோல்ட் துணி டிரையர் பிளக் போல இருப்பதால் சில எலக்ட்ரீஷியன்களே ஏமாந்து 240 கொடுத்துவிடுவார்கள். டிரெய்லரில் உள்ளதெல்லாம் புகைந்துவிடும். நீட்டிப்புக் கேபிள் 10 கேஜ் தடிமனில், 25 அடிக்குள் இருக்கட்டும். மெல்லிய கேபிளில் வோல்ட் இறங்கும், இறங்கினால் கம்ப்ரசர் இன்னும் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும். 108-க்குக் கீழே போனால் ஏ.சி.யை நிறுத்திவிடு.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களில் பொதுவாக நியூட்ரலும் எர்த்தும் உள்ளே இணைந்திருக்காது. நீங்கள் வைத்திருக்கும் மின் பாதுகாப்புப் பெட்டி அதை ‘எர்த் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு மின்சாரத்தை உள்ளே விடாது. ஜெனரேட்டரில் காலியாக உள்ள சாக்கெட்டில், அந்த இரண்டையும் இணைக்கும் பாண்டிங் பிளக் ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும். கடையில் கிடைக்கும். அதன்மேல் ‘ஜெனரேட்டருக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டு. வீட்டு சாக்கெட்டில் போகவே கூடாது.

ஓட்டும் முறை: வெந்நீர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் கேஸுக்கு மாற்று. ஹீட்டர் மட்டுமே 1,400 வாட்டுக்கு மேல். பேட்டரி இறங்கியிருந்தால் சார்ஜரும் நிறைய இழுக்கும், முதலில் அதன் பிரேக்கரை அணை. ஜெனரேட்டரை மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டு, எகானமி சுவிட்சை அணைத்தபின் இணைப்புக் கொடு. அந்த சுவிட்ச் போட்டபடி இருந்தால் இன்ஜின் மெல்ல ஓடும், கம்ப்ரசர் கேட்கும்போது எழுந்து வருவதற்குள் விழுந்துவிடும். ஏ.சி.யில் முதலில் ஃபேன், ஒரு நிமிடம் கழித்துக் கூலிங். நிறுத்தினால் ஐந்து நிமிடம் விட்டுத்தான் மறுபடி போட வேண்டும். உள்ளே அழுத்தம் சமமாகாமல் கிளப்பினால் மோட்டார் இழுத்துக்கொண்டு நிற்கும்.

புகையைப் பற்றி மாப்பிள்ளையிடமும் சொல். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டிரெய்லரிலிருந்து 20 அடியாவது தள்ளி, சைலன்சர் டிரெய்லரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்தபடி, காற்று உங்கள் பக்கம் வீசாத இடத்தில் வையுங்கள். முன்பக்கச் சாய்ப்புத் துணிக்கு அடியிலும், மூடிய பிக்-அப் பெட்டியிலும் ஓட்டவே கூடாது. டிரெய்லருக்குள் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் காலாவதித் தேதியைப் போகுமுன் பார்த்துவிடு.

புது ஜெனரேட்டருக்கு முதல் ஆயிலை 20 மணி நேரத்தில் மாற்றிவிடு. ஊருக்குத் திரும்பியதும் பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு கார்பரேட்டரைக் காலிசெய்.

அன்புடன்,
அம்மா