வால்பாறையில் இரண்டு நாள்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்து நிம்மதியானேன். அவரைத் தனியே விட்டுவிட்டு நீ வந்திருக்க முடியாதுதான். ஆனாலும் செல்வமும் பாலுவும் நானும் உன் பேச்சை எடுக்காமல் ஒரு பொழுதும் போகவில்லை.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினோம். வழியில் பாறைச் சரிவில் வரையாடுகள் நின்றன, குட்டிகளோடு. காட்சிமுனை, அருவி என்று ஓடவே கூடாது, ஏதாவது ஒரு சோலையில் நிதானமாக நடப்போம் என்று செல்வம் கிளம்பும்போதே சொல்லிவிட்டான். எஸ்டேட்டில் அனுமதி வாங்கி, அங்கேயே வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம்.

தேயிலைச் சரிவில் வெயில் சுட்டது. சோலைக்குள் கொஞ்ச தூரம் போனதுமே வெளிச்சம் மங்கி, உடம்பு குளிர்ந்துவிட்டது. மழை விட்டு வெகுநாள் ஆகாததால் அட்டைகள் ஏராளம். பாலு குனிந்து குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே வந்தான். பெரியவர் நின்றால் நாங்களும் நின்றோம். அப்படி நின்ற ஓரிடத்தில்தான் சோலைமந்திக் கூட்டம், அதாவது சிங்கவால் குரங்குகள், தலைக்கு மேலேயே இருந்தது. கருத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. ஒன்று மரப்பட்டையைப் பெயர்த்துப் பூச்சி தேடிக்கொண்டிருந்தது, எங்களைச் சட்டை செய்யவேயில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது, முருகேசா. வெடிப்பலாவின் பூவும் காயும் அதற்கு முக்கியமான இரை. அந்த மரங்கள் போனால் அதுவும் போய்விடும்.

தோட்டங்கள் வருவதற்கு முன்பு இந்த மலை முழுக்க மழைக்காடு. காப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டியது போக மிஞ்சியவைதான் இந்தத் துண்டுச் சோலைகள். ஒரு சோலையிலிருந்து இன்னொன்றுக்குப் போக மந்திகள் தார்ச்சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது. அதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கேயே வண்டியை நிறுத்தி பிஸ்கட் நீட்டுகிறவர்களையும் பார்த்தோம். எனக்குக் கோபம் தாங்கவில்லை. தின்பண்டம் பழகிய குரங்கு சாலையை விட்டு நகராது, கடைசியில் ஏதாவது ஒரு சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும்.

மறுநாள் காலை இருவாச்சி, பெரிய அலகுள்ள காட்டுப் பறவை. பார்க்கும் முன்பே சத்தம் வந்துவிட்டது, நீராவி ரயில் மூச்சு வாங்குவதுபோல. ஆணும் பெண்ணுமாக வந்து பழுத்திருந்த அத்திமரத்தில் உட்கார்ந்தன. கூடு கட்டும் பருவத்தில் பெண் ஒரு பெரிய மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டும். அப்படிப்பட்ட பொந்து வேண்டுமென்றால் வயதான பெருமரம் வேண்டும், இன்று நட்டு நாளைக்குக் கிடைக்காது. இருந்தாலும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்காரர்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாக, சிதைந்த சோலைகளில் இந்த மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். இருவாச்சி பழத்தைத் தின்று விதையைப் போடுகிற வேலையும் நடக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது.

சாயங்காலம் ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் யானை இருக்கிறது என்று தொழிலாளர்களுக்கு எச்சரிக்கை. பெரியவர் அதைப் பார்த்ததும் எங்களைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். யானையைப் பார்க்க முடியவில்லையே என்று பாலுவுக்குக் குறைதான். அந்த விளக்கு வந்த பிறகு இருட்டில் நடக்கவே பயம் குறைந்திருக்கிறது என்று பெரியவர் சொன்னது எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது.

அப்புறம், அடுத்த தடவை பிப்ரவரியில் போகலாம் என்று பேசியிருக்கிறோம். இருவாச்சி கூட்டில் இருக்கும், தள்ளி நின்று பார்க்கலாம், அட்டையும் குறைவு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள அதற்குள் உன் தங்கையிடம் பேசி வை. உன்னுடைய பழைய பைனாகுலரைத் துடைத்து எடுத்து வா, எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதையும் செல்வம் கையை விட்டுத் தரமாட்டேன் என்கிறான். எந்த வாரம் உனக்குத் தோதுப்படும் என்று எழுது.

அன்புடன்,
ரவி