கையெழுத்து மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

ஆம்புலன்ஸில் ஏற மறுப்பவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று அவசர மருத்துவப் பணியாளர்கள் சிலர் நினைக்கிறார்கள். கையெழுத்து கடைசிப் படிதான். மறுத்தபோது அவர் முடிவெடுக்கும் தெளிவோடு இருந்தாரா என்பதே முதல் கேள்வி.

பெயர், இடம், நேரம், நடந்தது என்ன என்பவற்றைச் சரியாகச் சொல்கிறாரா? ரத்தச் சர்க்கரையும் ஆக்சிஜன் அளவும் பார்த்தாயிற்றா? சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே வெகுவாக இறங்கியவர், குடித்தவரைப் போலவே குழறுவார், சண்டைக்கும் வருவார். சோதிக்காமல் 'குடிபோதை' என்று எழுதிவிட்டுத் திரும்புவது உயிருக்கே உலை வைக்கும். தலையில் அடிபட்டவர் தெளிவாகப் பேசிவிட்டு, உள்ளே ரத்தம் கசிந்து சில மணி நேரத்தில் மயங்குவதும் உண்டு.

தெளிவோடு மறுப்பவரை வலுக்கட்டாயமாகத் தூக்கிச் செல்வதும் சட்டச் சிக்கல்தான். வராவிட்டால் என்ன ஆகலாம் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். அளவுகள், அவர் சொன்ன வார்த்தைகள், மருத்துவரிடம் ஆலோசித்த நேரம், சாட்சி எல்லாம் உடனே பதிவாக வேண்டும். காகிதப் பதிவைத் திருத்த நேர்ந்தால் பழையதை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, தேதி, நேரத்துடன் கையொப்பமிட வேண்டும்.

சுயநினைவற்றவருக்குச் சம்மதம் இருப்பதாகவே கருதிச் சிகிச்சை தொடங்கலாம். ஆனால் மருத்துவமனை வாசலில் இறக்கிவிடுவது ஒப்படைப்பு ஆகாது. செவிலியரிடமோ மருத்துவரிடமோ நேரில் விவரம் சொல்லி, பெற்றுக்கொண்டவர் பெயரையும் நேரத்தையும் படிவத்தில் குறிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அவசர மருத்துவப் பயிற்றுநர்கள்