ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

மனமொத்த இருவர், எதுவரை செல்லலாம் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, வலியையும் அடிபணிதலையும் தங்கள் உறவின் பகுதியாக்கிக்கொள்கிறார்கள் என்று கேட்ட மாத்திரத்தில் பயிற்சி ஆலோசகர்கள் ‘பிறழ்வு’ என்று குறித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சாடோ-மசோகிசம் (வலி தருவதிலும் பெறுவதிலும் பாலியல் இன்பம் காணுதல்) என்ற தலைப்பே இல்லை. ஒப்பாதவர்மீது செலுத்தப்படும் கொடுமை கோளாறாகவே நீடிக்கிறது. ஒப்புதல் உள்ள இடத்தில் கடும் மனவேதனையோ, பெருங்காயமோ உயிரிழப்போ நேரும் ஆபத்தோ இருந்தாலொழிய நோயறிதலுக்கு இடமில்லை. அந்த வேதனையும் பிறரது வெறுப்புக்கு அஞ்சி மட்டும் எழுந்ததாக இருக்கக்கூடாது.

என் கவலை பட்டியலைவிட, மனிதரின் சுதந்திரத்தையும் தேர்வையும் மையமாகக் கொள்ளும் இருத்தலியல் உளவியலை நாம் கற்பிக்கும் விதத்தைப் பற்றியது. 1943-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர், மசோகிசம் (வலியிலும் அடிபணிதலிலும் இன்பம் காணுதல்) தோற்றே தீரும் என்று வாதிட்டார்: பிறர் பார்வையில் வெறும் பொருளாகிவிட விரும்புபவர், அதையும் தம் சுதந்திரத்தாலேயே தேர்ந்தெடுப்பதால், ஒருபோதும் பொருளாக முடியாது. அதற்கு ஈராண்டு முன்னர் உளப்பகுப்பாய்வாளர் எரிக் ஃபிராம், தனித்து நிற்கும் பாரம் தாளாதவர் இன்னொருவரில் கரைய முயல்வதையும், ஆள்பவரும் அதே பாரத்தால் மற்றவரைப் பற்றிக்கொள்வதையும் எழுதினார். இவற்றை நாம் குற்றப்பத்திரிகை போல வாசிக்கிறோம். (ஃபிராமின் முதன்மையான கவலை சர்வாதிகாரத்துக்குத் தலைவணங்கிய மக்களைப் பற்றியது என்பது வகுப்பில் எப்படியோ விடுபட்டுப்போகிறது.)

சார்த்தர் தோல்வி என்றதையே ஒப்புதலுடன் ஈடுபடுவோர் அடித்தளமாகக் கொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. ஒரே சொல்லால் அனைத்தையும் நிறுத்தும் உரிமை அடிபணிபவரிடமும் இருப்பதால், அவர் பொருள்போல் இருக்கும் நேரமும் அவருடைய சுதந்திரத்தின்மீதே நிற்கிறது.

1988-இல் சமூக உளவியலாளர் பாமைஸ்டர், மசோகிசத்தைத் தன்னிடமிருந்து தப்புதல் என்று விளக்கினார்: வலி கவனத்தை உடலுக்கும் அக்கணத்துக்கும் சுருக்கிவிட, நாள் முழுதும் முடிவெடுத்துக்கொண்டும் பெயரைக் காத்துக்கொண்டும் இருந்த ‘நான்’ சற்றே ஓய்கிறது. இது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் ஓய்ந்த பின் திரும்பி வருபவர் யார் என்பதும் கேட்கப்பட வேண்டும். அதே தப்புதல் ஒருவருக்குத் தம் உடலோடு மீண்டும் ஒன்றும் வழியாகவும், வேறொருவருக்கு மறுக்கத் தெரியாத பழைய பழக்கத்தின் தொடர்ச்சியாகவும் இருக்கலாம். புறச்செயலை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய இயலாது.

ஆகவே, ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிந்ததா, சொன்னபோது நின்றதா, முடிந்தபின் தம்மைத் தாமாக உணர்ந்தாரா, அல்லது மற்றவர் இல்லையேல் தாம் யாருமில்லை என்று உணர்ந்தாரா என்று கேட்க மாணவரைப் பழக்குங்கள். ஆள்பவரிடமும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அவருடைய தன்னுணர்வைப் பற்றி நாம் ஏறக்குறைய விசாரிப்பதே இல்லை. வரும் கல்வியாண்டின் நேர்காணல் பயிற்சியிலேயே இவற்றைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
உளவியல் ஆலோசகர் ஒருவர்