என் பாரத்தைப் பங்கு போட்டவர்களுக்கு

அன்புள்ள ஆத்தாவுக்கும், முதல் வகுப்பு டீச்சருக்கும், 104 மருத்துவ உதவி எண்ணில் பேசிய சகோதரிக்கும், இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்த தங்கச்சிக்கும்,

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகன் இந்த 2025 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். சேர்க்கைப் படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவன், "கீழே ஆதார் நம்பர் கேக்கறாங்கம்மா, கார்டை இப்பவே எடுத்து வெச்சுக்க" என்றான். எனக்குப் பேனா நகரவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் இவன் எப்படி இருந்தான் என்று உங்கள் நான்கு பேருக்குத்தான் தெரியும்.

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரே அடங்கியது. பனியன் கம்பெனியில் அவர் கட்டிங், நான் ஓவர்லாக். இரண்டு பேருக்கும் பீஸ் ரேட். மெஷின் ஓடினால்தான் காசு. ரேஷனில் அரிசியும் 1,000 ரூபாயும் கிடைத்தன, வயிறு காயவில்லை. ஆனால் வாடகை, குழுக் கடன், ஊரில் மாமனாரின் மருந்து என்று இரவெல்லாம் மனசுக்குள் கணக்கு ஓடும். லைன் வீட்டில் ஒற்றை அறை, அதற்குள் மூன்று பேர். கடன் தவணையைத் தள்ளி வைத்திருந்தது ஆகஸ்டோடு முடிந்தது. செப்டம்பரில் வசூலுக்கு ஆள் வந்து வாசலில் நின்றபோது, என் கோபம் முழுக்கப் பிள்ளை மேல்தான் இறங்கியது.

அப்போது அவனுக்கு ஐந்தரை வயது. "உள்ளே போய்ச் சொம்பில் தண்ணி மொண்டுக்கிட்டு, வரும்போது துண்டை எடுத்துட்டு வா" என்றால், உள்ளே போய் அடுப்பு முன்னால் நின்றுவிடுவான். எதற்கு வந்தோம் என்பதே மறந்திருக்கும். நான் கத்துவேன். இரண்டு முறை அடித்தும் இருக்கிறேன். மூன்றும் இரண்டும் எத்தனை என்று கேட்டால் விரலைப் பார்க்க மாட்டான், என் புருவத்தைப் பார்ப்பான். அம்மா முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பான். பிள்ளைக்கு மூளை மந்தமாகிவிட்டதோ என்று பயந்தேன்.

டீச்சர், நீங்கள் அவனை நேரில் பார்த்ததே இல்லை. முதல் வகுப்பு அவனுக்குச் சேர்க்கையோடு சரி. ஒரு நாள்கூட பெஞ்சில் உட்காரவில்லை. இருந்தும் வாரம் தவறாமல் போன் செய்தீர்கள். அந்தப் புருவக் கதையை நான் அழுதுகொண்டே சொன்னபோது நீங்கள் விளக்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. சொன்னதை மனசில் பிடித்து வைப்பது, கை பரபரத்தாலும் பொறுத்திருப்பது, ஒரு வழி அடைத்தால் வேறு வழி யோசிப்பது, பிள்ளையின் புத்தி இந்த மூன்றில்தான் நிற்கிறது என்றீர்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் இதைப் பார்த்துக்கொள்கிறது, இந்த வயதில்தான் அது வேகமாக வளர்கிறது, பயந்துபோன பிள்ளைக்கு அந்த இடம் முழுக்கக் காவல் வேலைக்கே செலவாகிவிடும், அவன் மந்தமில்லை, உங்களைக் கவனித்துக் கவனித்தே களைத்துப்போகிறான் என்றீர்கள். என்மேல் ஒரு குற்றமும் சொல்லாமல் சொன்னீர்கள். அதனால்தான் என்னால் காதுகொடுத்துக் கேட்க முடிந்தது.

104-க்குப் போன் செய்யச் சொன்னதும் நீங்கள்தான். சகோதரி, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. பிள்ளையைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். நீங்களோ, "நீங்க சாப்பிட்டீங்களா? ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?" என்று கேட்டீர்கள். அந்த ஆறு மாதத்தில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு நான் பேசியதைவிட அழுததுதான் அதிகம். கோபம் தலைக்கேறும்போது வாசலுக்குப் போய்ப் பத்து வரை எண்ணிவிட்டு வாருங்கள், திட்டிவிட்டால் அவனிடமே வருத்தம் சொல்லுங்கள் என்றீர்கள். பிள்ளையிடம் வருத்தம் சொல்வதா என்று கூச்சமாகத்தான் இருந்தது. முதல் தடவை சொன்னபோது அவன் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

அப்புறம் ஆத்தா. பக்கத்து வீட்டில் தனியாக இருந்தீர்கள். கத்தல் கேட்டு வந்து நின்றீர்கள், என்னை ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "பையனை எங்கிட்ட வுடு சாமி, நீ போய்க் கொஞ்ச நேரம் படு" என்றீர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே திண்ணைதான். அதில் பல்லாங்குழிப் பலகை, 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. நான் மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து வருவேன், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் கையில் எடுத்த கொட்டையை அப்படியே ஒரே குழியில் கொட்டிவிடுவான். ஒவ்வொன்றாகப் போடுகிற பொறுமை வர ஒரு மாதம் ஆனது. குழியில் நான்கு சேர்ந்தால் பசு, அதை எடுத்துக்கொள்ளலாம். தைப்பொங்கல் நெருங்கியபோது ஒரு நாள், குழியில் கைவைக்கப் போனவன் நிறுத்தி, விரலால் காற்றிலேயே எண்ணிக்கொண்டு போய், "இங்கிருந்து எடுத்தா உங்களுக்குப் பசு விழுந்துரும் ஆத்தா, நான் அதை எடுக்க மாட்டேன்" என்றான். டீச்சர் சொன்ன மூன்றும் அந்த ஒரு விரலில் இருந்தன. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன்.

2021 மே மாதம் அவருக்குக் கொரோனா வந்தது. அந்த இரண்டு வாரமும் வாசலில் சோறும் ரசமும் வைத்துவிட்டுப் போன லைன் வீட்டார் எல்லோருக்கும் என் நன்றி.

நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தபோது இவன் நேராக இரண்டாம் வகுப்பு. எழுத்து பாதிதான் தெரியும். தங்கச்சி, அந்தச் சமயத்தில் நீ வந்தாய். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தினமும் சாயங்காலம் கோயில் மண்டபத்தில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தாய். கைதட்டினால் உட்காரணும், விசில் அடித்தால் எழுந்திருக்கணும், திடீரென்று இரண்டையும் மாற்றிவிடுவாய். அது விளையாட்டு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கிராமத்துப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரை வைத்துத் தமிழ்நாட்டில் செய்த ஆய்வைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். பள்ளி மூடியிருந்ததில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்பியதாம். அந்த மீட்சியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு இல்லம் தேடிக் கல்வியால் வந்ததாம். உன்னைப்போல் எத்தனை தங்கச்சிகள் எத்தனை மண்டபத்தில் தொண்டை வறளக் கத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

நான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது ரொம்பக் குறைவு. நீங்கள் என்னைத் தூங்கவைத்தீர்கள், சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள், என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். என் புருவம் இறங்கியதும் அவனுக்கு யோசிக்க இடம் கிடைத்தது. அதற்குத்தான் இந்த மடல்.

ஆத்தா, நீங்கள் மகன் வீட்டோடு காங்கேயம் போனபோது விட்டுப்போன பலகை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. கொட்டையில் மூன்று காணாமல் போய்விட்டன. அவனே புளி உடைக்கும்போது பொறுக்கி வைத்து 70 ஆக்கிவிட்டான். ஆடி நோம்பிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு மாதமாகப் பெரிய திட்டம் போட்டு வைத்திருக்கிறான், ஆனால் உங்களிடம் சொல்லக் கூடாதாம்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்
திருப்பூர்